வானொலிக்கும் ஹோட்டலுக்கும் பாட்டு அனுப்பும் மெயிலை எப்படி எழுதுவது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நானும் நண்பனும் சேர்ந்து மூன்று பாட்டுப் பதிவு செய்திருக்கிறோம். கொழும்பு வானொலிகள், நிலாவெளி ஹோட்டல்கள், யூடியூப் சானல்கள், வெளிநாட்டுத் தமிழ் வானொலிகள் என்று கிடைத்த முகவரிக்கெல்லாம் ஈமெயில் போட்டோம். ஒருவரும் பதில் போடவில்லை. பாட்டுச் சரியில்லையா, மெயில் சரியில்லையா?" அனுப்பிய மெயிலையும் சேர்த்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.

தம்பி, பாட்டு நன்றாக இருக்கிறது. முக்கியமாக 'கச்சான்'. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவின் தாளத்தைக் கிற்றாரில் பிடித்து, அதற்கு மேல் ஒரு பெண் குரலை வைத்திருக்கிறீர்கள். அப்படி ஒரு பாட்டு எங்கள் கரையிலிருந்து வந்திருக்கிறதே என்று எனக்கு உண்மையிலேயே சந்தோசம். சிக்கல் மெயிலில்தான். நான் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்த காலத்தில் இந்த மாதிரி மெயில்களைத் திறப்பதுதான் என் காலை வேலை. அதனால் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் மெயில் இப்படி இருக்கிறது. பொருள்: "எமது புதிய பாடல்கள்". உள்ளே: "மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, திருகோணமலை மண்ணிலிருந்து வளர்ந்து வரும் இளம் கலைஞர்களாகிய எமது படைப்புகளுக்குத் தங்கள் மேலான ஆதரவை நாடி நிற்கின்றோம்." கீழே மூன்று பாட்டு, ஒரு அறிமுகக் கோப்பு, ஒரு யூடியூப் சானல், ஒரு முகநூல் பக்கம். அவ்வளவுதான்.

இதை வாசிக்கும் தயாரிப்பாளருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. மூன்றில் எதைக் கேட்பது? எந்த நிகழ்ச்சிக்கு? ஒலிபரப்பச் சொல்கிறீர்களா, பேட்டி கேட்கிறீர்களா, பகிரச் சொல்கிறீர்களா? "ஆதரவு" என்றால் என்ன என்று அவர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்க நேரம் இல்லாதவர் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுவார். அந்தப் பிறகு வராது.

நான் சொல்ல வருவதெல்லாம் இதுதான்: ஒரு மெயில் ஒரு ஆளுக்கு, ஒரு பாட்டோடு, ஒரே ஒரு கேள்வியோடு போக வேண்டும். அந்தக் கேள்விக்கு அந்த ஆளால் தன் மேசையிலிருந்தபடியே ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். "ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் இந்தப் பாட்டை ஒருதரம் ஒலிபரப்புவீர்களா?" என்பது அப்படியான கேள்வி. "எங்கள் பயணத்துக்குத் துணை நில்லுங்கள்" என்பதற்கு அவரால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

"வளர்ந்து வரும் இளம் கலைஞர்" என்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இதை எழுதுகிறார்கள். பார்க்க எனக்கு மனம் கஷ்டப்படும். உங்கள் பாட்டுக்கு இரக்கம் தேவையில்லை. ஒரு வானொலிக்குத் தினமும் பாட்டு வேண்டும், ஹோட்டலுக்கு மாலையில் இசை வேண்டும். அவர்களுக்குத் தேவையான ஒன்றைத்தான் நீங்கள் கொண்டுபோகிறீர்கள். மரியாதையாக எழுதுங்கள், ஆனால் கெஞ்சாதீர்கள்.

அடுத்தது பாட்டுக் கோப்புகள். உங்கள் மெயிலில் இருந்த இணைப்பை அழுத்தினேன். "அனுமதி கேளுங்கள்" என்று ஒரு பக்கம் வந்தது. கேட்டேன். இரவு நீங்கள் அனுமதி கொடுத்த பிறகுதான் பாட்டைக் கேட்க முடிந்தது. நான் உங்களுக்குப் பதில் எழுதுவதற்காகவே இருந்தவன், அதனால் காத்திருந்தேன். வானொலியில் இருப்பவர் காத்திருக்க மாட்டார். நடந்தது என்னவென்றால், ஸ்டூடியோவில் தந்த வேவ் கோப்பை அப்படியே இணைத்திருக்கிறீர்கள். சிடி தரத்தில் ஒரு வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி பிடிக்கும். நாலு நிமிடப் பாட்டு 40 எம்பி. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. அதைத் தாண்டினால் அதுவே கோப்பை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பாக மாற்றிவிடும். யார் திறக்கலாம் என்ற இடத்தில் "இணைப்பு உள்ள எவரும்" என்று நீங்கள் மாற்றாவிட்டால் கதவு பூட்டித்தான் இருக்கும். ஆக நீங்கள் அனுப்பிய பலருக்கு உங்கள் பாட்டுக் கேட்கவே இல்லை. இப்படி இருக்க, பாட்டுச் சரியில்லையோ என்று நீங்கள் வருந்துவதில் அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது: கேட்பதற்கு ஒரு இணைப்பு, ஒரே ஒன்று. பட்டியலிடப்படாத யூடியூப் வீடியோவாக இருக்கலாம், தனிப்பட்ட சவுண்ட்கிளவுட் இணைப்பாக இருக்கலாம், அனுமதி திறந்த டிரைவ் இணைப்பாகவும் இருக்கலாம். அனுப்ப முன் கூகுளில் உள்நுழையாத இன்னொரு போனில் அதை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் பாட்டு ஓட வேண்டும். இலவசமாகக் கோப்பு அனுப்பும் தளங்களின் இணைப்புச் சில நாட்களில் காலாவதியாகிவிடும், அது வேண்டாம். தயாரிப்பாளர் உங்கள் மெயிலை மூன்று வாரம் கழித்தும் திறக்கலாம். வேவ் கோப்பைத் தயாராக வைத்திருந்து, கேட்டால் மட்டும் கொடுங்கள். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நாலு நிமிடப் பாட்டு 10 எம்பிக்குள் நிற்கும், ஒலிபரப்புக்கு அதுவே பலருக்குப் போதும்.

கோப்பின் பெயரையும் பார்த்தேன்: "ஃபைனல் மிக்ஸ் 3 நியூ". அது ஒருவருடைய கணினியில் இறங்கிய பிறகு யாருடைய பாட்டு என்று எப்படித் தெரியும்? குழுவின் பெயர், பாட்டின் பெயர் இரண்டையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் சில பழைய கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். உங்கள் குழுவின் பெயரை யூடியூபில் ஒரு மாதிரியும் முகநூலில் இன்னொரு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் தேடுகிறவருக்கு நீங்கள் இரண்டு குழு.

இன்னொன்று, மெயிலோடு வந்த அறிமுகக் கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். அறிமுகத்தைத் தனிக் கோப்பாக அனுப்பவே தேவையில்லை. மெயிலுக்குள்ளேயே யூனிகோட்டில் இரண்டு வரி எழுதினால் போதும்.

சரி, அப்ப எப்படி எழுதுவது? வானொலிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அடைப்புக்குள் இருப்பதை நீங்கள் நிரப்புங்கள்.

பொருள்: ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒரு திருகோணமலைப் பாட்டு – 'கச்சான்' (3 நிமி. 40 வி.)

"வணக்கம் (அறிவிப்பாளரின் பெயர்) அக்கா,

சென்ற ஞாயிறு நீங்கள் உள்ளூர்ப் பாடல்களுக்கு ஒதுக்கிய நேரத்தைக் கேட்டேன். அந்த இடத்துக்குப் பொருந்தும் என்று நினைத்து ஒரு பாட்டை அனுப்புகிறேன்.

'கச்சான்' உப்புவெளிக் கரைவலைக்காரரின் அம்பாத் தாளத்தில் அமைந்தது. இரண்டு கிற்றார், ஒரு பெண் குரல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையில் காத்திருக்கும் ஒரு பெண் சொல்வதாக வரிகள் இருக்கும். நேரம் குறைவென்றால் 0:52 இலிருந்து கேளுங்கள். அம்பா அங்கேதான் தொடங்குகிறது.

கேட்க: (இணைப்பு)

வரிகள், இசை, பாடியவர் விபரம் கீழே இருக்கிறது. பாட்டு முழுக்க எங்கள் சொந்தப் பதிவு. ஒலிபரப்ப எங்கள் அனுமதி உண்டு. வரும் ஞாயிறுகளில் ஒரு நாள் இதை ஒலிபரப்ப முடியுமா?

(பெயர், குழுவின் பெயர், உப்புவெளி, திருகோணமலை. வட்ஸ்அப் இலக்கம்.)"

இவ்வளவுதான். போன் திரையில் ஒருதரம் விரலால் தள்ளினால் முடிந்துவிடும் நீளம். இதில் சில விடயங்களைக் கவனியுங்கள். பொருள் வரியில் பாட்டின் நீளம் இருக்கிறது. நிகழ்ச்சி செய்கிறவருக்கு அந்த எண் வேலைக்கு உதவும், ஏனென்றால் அவர் நேரத்தை நிரப்புகிறவர். முதல் வரி அவருடைய நிகழ்ச்சியைப் பற்றியது, அதை நீங்கள் உண்மையாகவே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் "உங்கள் நிகழ்ச்சியின் தீவிர ரசிகன்" என்று எழுதுவதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். 0:52 என்ற குறிப்பு மிக முக்கியம். உங்கள் பாட்டின் முதல் ஐம்பது விநாடி வெறும் கிற்றார்தான். அதை மட்டும் கேட்டவர் மூடிவிடுவார்.

"திருகோணமலை மண்" என்று நீங்கள் எழுதியதை எடுத்துவிட்டுக் கரைவலை, அம்பா, கச்சான் என்று வைத்திருக்கிறேன். கோணேசர் கோயில், இயற்கைத் துறைமுகம், வெள்ளை மணல் என்று ஊர்ப் பெருமையை அடுக்கினால் அது சுற்றுலாப் பிரசுரம் மாதிரி ஆகிவிடும். சம்பந்தர் பாடிய தலம் என்ற பெருமை எங்களுக்கு உண்டு, அதற்கும் இந்தப் பாட்டுக்கும் இப்போது சம்பந்தமில்லை. பாட்டுக்குள் ஊர் எங்கே இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். அறிவிப்பாளர் பாட்டைப் போட முன் சொல்ல அவருக்கு ஒரு வரி கிடைத்துவிடும். பலமுறை அந்த ஒரு வரிக்காகவே பாட்டு எடுக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

வரிகள், இசை, பாடியவர் என்ற விபரத்தைக் கட்டாயம் கீழே போடுங்கள். எங்கள் வானொலி மரபில் அதைச் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள், பல நல்ல அறிவிப்பாளர்கள் இன்றும் அதை விடவில்லை.

உரிமை பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன், அது சும்மா இல்லை. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டை உருவாக்கியவுடனேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. ஆனால் பாடிய தங்கச்சி, தாளம் வாசித்தவர், ஸ்டூடியோக்காரர் எல்லோரோடும் யாருக்கு என்ன பங்கு என்று எழுத்தில் பேசி வைத்திருங்கள், வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாகவாவது. பாட்டில் 0:52 இல் ஒரு வயதான ஐயாவின் அம்பாக் குரல் வருகிறதே, அவரிடம் அனுமதி கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர் பெயரையும் பாடியவர் விபரத்தில் போடுங்கள். கேட்காவிட்டால் மெயில் அனுப்ப முன் அவரைப் போய்ப் பாருங்கள். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அந்தச் சட்டத்தில் தனி இடம் உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை. அவர் பெயர் காற்றில் வர வேண்டும்.

உங்கள் மூன்றாவது பாட்டு ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் வேறு வரிகள் போட்டது. அதை எங்கும் அனுப்பாதீர்கள். மெட்டு இன்னொருவருடையது, மேலே சொன்ன அனுமதி வரியை உங்களால் எழுத முடியாது.

யாருக்கு அனுப்புவது? சக்தி, சூரியன் போன்ற தனியார் வானொலிகளானாலும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தென்றலானாலும் நிலையத்தின் பொது முகவரிக்கு அனுப்பும் மெயில் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது. ஒரு நிகழ்ச்சியைத் தெரிவுசெய்து சில வாரம் கேளுங்கள். முடிவில் தயாரிப்பாளர் பெயரைச் சொல்வார்கள். பிறகு நிலையத்துக்குப் போன் எடுத்து, "இன்ன நிகழ்ச்சிக்குப் பாட்டு அனுப்ப வேண்டும், எந்த முகவரிக்கு அனுப்பலாம்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். நாற்பது பேரை ஒரே மெயிலில் மறைமுகப் பிரதியில் (பிசிசி) போட்டு அனுப்புவதை விட, இப்படிக் கண்டுபிடித்த ஐந்து பேருக்குத் தனித்தனியே எழுதுவது பெரிது. கூட்டமாக அனுப்புவது குப்பைப் பெட்டிக்குப் போகும் வாய்ப்பும் அதிகம்.

புலம்பெயர் வானொலிகளுக்கு எழுதினால் நேரத்தைப் பாருங்கள். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் கோடையில் எங்களுக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டனில் காலை 9 என்றால் இங்கே பிற்பகல் 1.30 அல்லது 2.30. ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அவுஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் போன்ற இடங்களில் பேட்டியும் விவரணமும் அதிகம்; அங்கே பாட்டை ஒலிபரப்பக் கேட்பதை விட, கரைவலை அம்பாவை எப்படிப் பதிவு செய்தீர்கள் என்ற கதையைப் பேசலாமா என்று கேளுங்கள்.

ஹோட்டலுக்கு எழுதுவது முழுக்க வேறு வேலை. வானொலிக்கு எழுதிய மெயிலையே அங்கேயும் அனுப்பியிருக்கிறீர்கள். ஹோட்டல் முகாமையாளருக்கு உங்கள் பதிவு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். விருந்தினர் சாப்பிடும்போது இவர்கள் இரண்டு மணிநேரம் வாசிப்பார்களா, சத்தம் அளவாக இருக்குமா, சொன்ன நேரத்துக்கு வருவார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்பதுதான் அவர் கவலை. ஆகவே ஸ்டூடியோப் பாட்டை அனுப்பாதீர்கள். போனில் எடுத்த இரண்டு நிமிட நேரடி வீடியோ போதும், ஒரே எடுப்பில், வெட்டாமல். பிறகு எண்களை எழுதுங்கள்: இருவர், 45 நிமிடம் வீதம் இரண்டு பகுதி, சொந்தமாக அம்பிளிபயரும் ஒரு மைக்கும் உண்டு, ஒரு மின் இணைப்புப் போதும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பாடுவோம், ஒரு மாலைக்கு இவ்வளவு. தொகையை "பேசித் தீர்மானிக்கலாம்" என்று விடாதீர்கள். ஒரு எண் இருந்தால் அவர் கூட்டலாம் குறைக்கலாம். எண் இல்லாவிட்டால் பேச்சே தொடங்காது, அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு வாசிக்கச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு வாசிக்காதீர்கள், உங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளைகளுக்கும் அதுவே விலையாகிவிடும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை. மாரி மழையில் ஹோட்டல்கள் பாதி வெறுமை. மே மாதம் எழுதினால் அதற்குள் ஆட்களை எடுத்திருப்பார்கள், மாசி பங்குனியில் எழுதுங்கள். போயா நாட்களில் மது விற்பனை இல்லை, பார் மூடியிருக்கும். நாட்களைக் குறிப்பிட முன் கலண்டரைப் பார்த்துவிடுங்கள். ஜூன் 21 உலக இசை நாள். 1982 இல் பிரான்சில் தொடங்கியது, அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற பிரெஞ்சுக் கலாசார நிலையங்களுக்கு அது பெரிய நாள். அவர்களுக்கும் பங்குனியிலேயே எழுதலாம். இந்த மெயில்கள் ஆங்கிலத்தில் போக வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே அனுப்பாமல், ஆங்கிலம் படிப்பிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். சின்ன வசனங்களாக எழுதினால் போதும்.

கோயில் திருவிழாவில் வாசிக்க விரும்பினால் மெயில் வேண்டவே வேண்டாம். அந்த நாளின் உபயகாரர் யார் என்று கேட்டு, நேரில் வீட்டுக்குப் போங்கள்.

ஸ்பொட்டிஃபை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021 பெப்ரவரியில் அது இலங்கைக்கு வந்தது. அங்கே பாட்டுப் பட்டியல்களுக்குப் பாட்டைத் தெரிவுசெய்யும் ஆசிரியர் குழுவுக்கு மெயில் அனுப்ப வழியில்லை, அவர்கள் முகவரி தருகிறோம் என்று காசு கேட்பவர் ஏமாற்றுகிறார். முறையான வழி, ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்குக்குள் போய், இன்னும் வெளியிடாத பாட்டைச் சமர்ப்பிப்பது. 500 எழுத்துக்குள் பாட்டை விவரிக்கலாம். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாளுக்கு முன் கொடுத்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுவெளியீட்டுப் பட்டியலிலும் பாட்டு வரும். மூன்று நாலு வாரம் முன்பே கொடுப்பது நல்லது. 'கச்சான்' இன்னும் ஸ்பொட்டிஃபையில் வெளியாகவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். யூடியூபில் ஏற்றியது போல அங்கேயும் அவசரப்பட்டு ஏற்றிவிடாதீர்கள். "ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம் வாங்கித் தருகிறோம்" என்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் பாட்டே நீக்கப்படலாம். 2024 முதல் 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு அங்கே பதிவுரிமைப் பணமும் கிடையாது. ஆகவே இப்போதைக்கு அதை வருமானமாக நினைக்காமல், மெயிலில் போடக்கூடிய ஒரு முகவரியாக வைத்திருங்கள்.

பதில் வராவிட்டால்? பத்து நாள் பொறுங்கள். பிறகு அதே மெயிலுக்குப் பதிலாக, அதே தொடரில், இரண்டு வரி எழுதுங்கள். "பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டால் குறை சொல்வது போல இருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்: "அக்கா, 'கச்சான்' பாட்டை முன்பு அனுப்பியிருந்தேன். இப்போது வீடியோவும் வந்திருக்கிறது. ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஏற்றதாக இருந்தால் சொல்லுங்கள்." அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு, அடுத்த பாட்டோடு போங்கள். மூன்றாவது தரம் அதே பாட்டுக்கு எழுத வேண்டாம், வட்ஸ்அப்பில் இரவு அழைக்கவும் வேண்டாம். பதில் வந்தால் அன்றே எழுதுங்கள். "இந்தப் பாட்டு எங்களுக்குப் பொருந்தாது" என்று வந்தால், நன்றி சொல்லி, எப்படியான பாட்டு எடுப்பார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்; அதற்குப் பெரும்பாலும் பதில் சொல்வார்கள். யாருக்கு, எந்தப் பாட்டு, என்ன திகதி, என்ன பதில் என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். ஒருவருக்கே இருதரம் அறிமுகக் கடிதம் போகாமல் இருக்கவாவது அது உதவும்.

முதலில் டிரைவ் அனுமதியைத் திறந்துவிடுங்கள். பழைய மெயில் போனவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எதுவும் தேவையில்லை. அவர்களில் உங்களுக்கு உண்மையில் பொருந்தும் ஐந்து பேரைத் தெரிந்தெடுத்து, 'கச்சான்' ஒன்றோடு மட்டும், மேலே உள்ள மாதிரியில் புதிதாக எழுதுங்கள். அந்த ஐயாவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆங்கில மெயிலை அனுப்ப முன் எனக்கு ஒருதரம் காட்டினால் பார்த்துத் தருகிறேன்.